அலுவலகப் பிரிண்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' என்கிறது. ஐபி, போர்ட், ஸ்பூலர் என்றெல்லாம் சொல்கிறார்கள். எளிமையாக விளக்குவீர்களா?

உங்கள் அலுவலகத்திலும் கணினி வேலைக்கென்று தனி ஆள் இல்லை, பிரிண்டர் மக்கர் செய்தால் எல்லாருடைய பார்வையும் உங்கள் பக்கம்தான் திரும்பும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நெட்வொர்க் படித்தவள் அல்ல. படித்தது பி.காம். வீடு கம்பத்தில், வேலை குமுளியில், ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுவது. தினமும் காலையில் மலை ஏறி மாலையில் இறங்குகிறேன். 'இது முழுமையான விளக்கம் இல்லையே' என்று வரப்போகும் பொறியாளர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். முழுமையான விளக்கம் கேட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

போன ஆடி மாதம் ஒரு நாள். இடுக்கி மழை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து நான்கு முறை மின்சாரம் போய் வந்தது. வடக்கே போக வேண்டிய லாரி வாசலில் நிற்கிறது. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு வேண்டும், அதைப் போட்டாகிவிட்டது. இன்வாய்ஸ் மட்டும் மூன்று பிரதி அச்சாக வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்காரருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, தாள் இருக்கிறது, டோனர் இருக்கிறது. கணினி மட்டும் 'ஆஃப்லைன்' என்று சாதிக்கிறது. முதலாளி என்னை நகரச் சொல்லிவிட்டு, மூன்று பிரதி என்று போட்டு அச்சு பொத்தானைத் தாமே அழுத்தினார். ஒன்பது முறை.

நான் பிரிண்டரின் மெனுவுக்குள் போய் நெட்வொர்க் அறிக்கை என்ற தாளை அச்சிட்டேன். பிரிண்டரே தன்னைப் பற்றி எழுதிக்கொடுக்கும் தாள் அது; கணினியின் தயவு வேண்டாம். அதில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரின் வீட்டு எண், 192.168.1.12 என்று இருந்தது. கணினியில் பிரிண்டர் பண்புகளைத் திறந்து 'போர்ட்ஸ்' பகுதியைப் பார்த்தால் அங்கே 192.168.1.7. கணினி ஏழாம் வீட்டுக் கதவைத் தட்டுகிறது, பிரிண்டரோ பன்னிரண்டாம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஏழில் யார் என்று பார்த்தால் எங்கள் கிடங்குப் பையனின் கைப்பேசி!

இது ஏன் நடக்கிறது என்றால், வீட்டு எண்ணை ஒதுக்குவது ரவுட்டர், கணினி, பிரிண்டர், கைப்பேசி எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி. எஸ்டேட் லயத்தில் கங்காணி வீடு ஒதுக்குவது மாதிரிதான். அந்த ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர். மின்சாரம் போய் வந்து ரவுட்டர் புதிதாக எழுந்தால், முதலில் வந்து கேட்டவருக்கு முதலில் கிடைக்கும். 'நல்ல ரவுட்டர் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்குமே' என்று சொல்ல வருகிறீர்களா? வைத்திருக்கலாம். எங்களுடையது வைத்திருக்கவில்லை.

இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். "கணக்குப் பார்க்கிற பிள்ளைக்கு இது எதற்கம்மா? மெக்கானிக் வரட்டும்" என்றார். கட்டப்பனையிலிருந்து ஒரு சேட்டன் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். என் சீட்டைப் பார்த்தார். அதிலிருந்த பிரிண்டரின் எண்ணைக் கணினியில் அப்படியே தட்டினார். 700 ரூபாய் வாங்கினார். உடனே பிரிண்டர் இருபத்தேழு தாள்களைத் தொடர்ந்து துப்பியது. "பார்த்தாயா, கைராசிக்காரர்!" என்றார் முதலாளி. அவர் அழுத்திய ஒன்பதுதான் அது என்று சொல்லிப் பார்த்தேன், காதில் விழவில்லை. அழுத்திய வேலைகளை எல்லாம் வரிசையில் பிடித்துவைத்து, வழி திறந்ததும் அனுப்பும் நிரல்தான் ஸ்பூலர். எடை மேடைக்கு முன்னால் நிற்கும் மூட்டை வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் மூட்டை சிக்கினால் பின்னால் இருப்பது எதுவும் நகராது. அச்சு வரவில்லை என்றால் மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். வரிசையில் இருப்பதை ரத்து செய்யுங்கள். ரத்தாகாமல் அடம்பிடித்தால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. டிரைவர் என்பது மொழிபெயர்ப்பாளர். தவறான டிரைவரைப் போட்டால் பிரிண்டர் புரியாத குறிகளாகப் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளும். போர்ட் என்ற சொல்தான் குழப்பும். விண்டோஸில் அது பிரிண்டருக்குப் போகும் வழியின் பெயர். அதற்குள்ளேயே 9100 என்று இன்னொரு போர்ட் எண் இருக்கும், அது அந்த வீட்டில் எந்தக் கதவு என்பது. அதில் கை வைக்க வேண்டாம். மேக் முகவரி என்பது வண்டியின் சேசிஸ் எண் போல, பிரிண்டருடனேயே பிறந்தது. ஐபி என்பது வண்டி இன்று எங்கே நிற்கிறது என்பது.

அடுத்த மாதமும் மின்சாரம் போனது, எண் மாறியது. இம்முறை யாரையும் கேட்கவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு 192.168.1.200 என்று நிரந்தரமாக ஒதுக்கினேன், கணினியிலும் அதே எண்ணைப் போட்டேன். பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து 'ஆஃப்லைன்' இல்லை. கட்டப்பனைக்குத் தொலைபேசியும் போகவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கலுக்காவது ஒரு நாள் விடுப்பு தருவார் என்று நினைத்தேன். இடுக்கிக்குக் கேரள அரசே பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறது. எங்கள் முதலாளி தேனிக்காரர், அவர் வீட்டில் பொங்கல் பொங்குகிறது, நான் மட்டும் மலை ஏற வேண்டும். ஓணத்துக்கு மட்டும் கடை சாத்தியிருக்கும், ஏனென்றால் அன்று சுமைதூக்க ஆள் வர மாட்டார்கள். சரி, இதை நீங்கள் கேட்கவில்லை.

முதலில் அந்த நெட்வொர்க் அறிக்கைத் தாளை எடுங்கள். அதில் உள்ள எண்ணும் கணினியில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால், உங்களுடையதும் என் கதைதான். எண் 169.254 என்று தொடங்கினால் பிரிண்டர் கேட்டும் ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்று பொருள். அப்போது கேபிளையும் வைஃபையையும் பாருங்கள், மெக்கானிக்கை அப்புறம் கூப்பிடலாம்.