இயந்திரத்துக்கு முன்பே வந்த மொழி

அன்புள்ள ஐயா,

குவாண்டம் கணினிக்கான முதல் நிரல்மொழி 1998இலேயே வந்துவிட்டது என்று படித்தேன். ஓட்டிப் பார்க்க இயந்திரமே இல்லாதபோது மொழியை எப்படி எழுதினார்கள்? நான் சி, பைத்தான் எழுதுகிறவன். எனக்கு இதில் புதிதாக என்ன இருக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்தது க்யூசிஎல் (குவாண்டம் கம்ப்யூட்டேஷன் லாங்வேஜ்) பற்றியாக இருக்கும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் ஓமர் எழுதியது. 1996இல் இமானுவேல் நில் குவாண்டம் வழிமுறைகளைத் தாளில் எழுதச் சில மரபுகளை வகுத்திருந்தார்: கட்டளையிடுவது சாதாரணக் கணினி, செய்வது குவாண்டம் பதிவகம், அதாவது க்யூபிட்களின் (குவாண்டம் கணினியின் பிட்களின்) தொகுப்பு. அந்த வழியில் ஓமர் ஓடக்கூடிய மொழியையே செய்தார். இயந்திரத்துக்குப் பதில் ஒரு சிமுலேட்டர். n க்யூபிட்டுக்கு 2-இன் n அடுக்கு எண்ணிக்கையில் கலப்பெண்களை வைத்துக் கணக்குப் போடும் வேலை அது. ஓர் எண்ணுக்கு 16 பைட் என்றால் 30 க்யூபிட்டுக்கே 16 ஜிபி வேண்டும்.

பார்க்க அப்படியே சி மாதிரி இருக்கும். வித்தியாசம் தற்காலிக மாறிகளில்தான். சி-யில் அவற்றை மறந்துவிட்டுப் போய்விடலாம். இங்கே இடைக்கணக்கு விடையோடு பின்னிக் கிடக்கும். அழித்தால் அளந்த மாதிரி ஆகி, ஒரே நேரத்தில் பல மதிப்புகளாக இருந்த நிலை குலைந்துவிடும். விட்டுவைத்தால் குறுக்கீட்டு விளைவு, அதாவது தவறான விடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியானது மேலே வருவது, கெடும். இதற்கான வழியை 1973இலேயே, வேறு காரணத்துக்காக, சார்லஸ் பென்னெட் சொல்லியிருந்தார்: கணக்கிடு, விடையை வேறு பதிவகத்தில் பதி, அப்புறம் கணக்கைப் பின்னோக்கி ஓட்டு. ரஃப் தாள் மறுபடி வெறுந்தாளாகிவிடும். (க்யூபிட்டை நகலெடுக்க முடியாதே என்பீர்கள். இது சிநாட் (ஒரு க்யூபிட் 1 ஆனால் இன்னொன்றைப் புரட்டும் செயல்) கொண்டு 0, 1 என்ற அடிப்படை நிலைகளை மட்டும் பதிவது, அதற்குத் தடையில்லை.)

க்யூசிஎல்லில் ஒரு பதிவகத்தை ‘க்யூஸ்க்ராட்ச்’ என்று அறிவித்தால் போதும், இந்தத் துடைப்பு வேலையை மொழியே செய்துவிடும். ஆபரேட்டர் (குவாண்டம் பதிவகத்தில் வேலை செய்யும் துணைநிரல்) பெயருக்கு முன் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் அது தலைகீழாக ஓடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: ஆபரேட்டருக்குள் அளவிடக் கூடாது, ராண்டம் எண் எடுக்கக் கூடாது, பொது மாறிகளை மாற்றக் கூடாது. திருப்பி ஓட்ட முடியாத எதற்கும் உள்ளே இடமில்லை.

2013இல் க்விப்பர், 2017இல் க்யூ ஷார்ப் என்று அப்புறம் பல வந்தன. 2020இல் சூரிச்சில் உருவான சில்க், இந்தத் துடைப்பை அறிவிப்பு இல்லாமலே செய்கிறது. பாதுகாப்பாகத் துடைக்க முடியாத இடத்தைக் கம்பைல் செய்யும்போதே பிழையென்று காட்டிவிடும்.

பைத்தான்காரர் என்பதால் நீங்கள் ஐபிஎம்மின் பைத்தான் குவாண்டம் நூலகமான கிஸ்கிட்டுக்குத்தான் போவீர்கள். போங்கள். ஆனால் ஒரு மாலை க்யூசிஎல்லை நிறுவி, ஒவ்வொரு வரிக்கும் பிறகு ‘டம்ப்’ கொடுத்துப் பாருங்கள். அளக்காமலே முழு நிலையையும் காட்டும். அசல் இயந்திரத்தில் அது நடக்காது.