கீரி இரவில் வருமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

தாராபுரத்துக்குப் பக்கத்தில் மாமனாரின் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். இருபது சிறுவிடைக் கோழிகள் வைத்திருந்தேன். ஒரே மாதத்தில் ஏழு போய்விட்டன, எல்லாம் இரவில்தான். கீரியின் வேலை என்கிறார்கள் வீட்டில். காலையில் கிளுவை வேலியோரம் கீரி ஓடுவதை நானும் பார்த்தேன். சப்போட்டாவையும் கொய்யாவையும் வௌவால் விட்டுவைப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா, பழத்துக்குள் குருணைப் பூச்சிமருந்தை வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோழிகளை இழக்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள அம்மணிக்கு,

முதலில் கீரியை விடுதலை செய்துவிடுவோம். அது பகலில் இரை தேடும் பிராணி. பொழுது சாய்ந்ததும் வளைக்குள் போய்விடும். காலையில் வேலியோரம் நீங்கள் பார்த்தது அதன் வேலை நேரம். பட்டப்பகலில் குஞ்சு காணாமல் போனால், அடைமுட்டை உடைந்து கிடந்தால் அதன்மேல் தாராளமாக வழக்குப் போடலாம். இரவுக் கொலைக்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு கோழிகள் வரிசையாகப் போனபோது, கீரி வளையைத் தேடிப்பிடித்துக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தேன். அடுத்த வாரமே இன்னும் இரண்டு கோழிகள் போயின. அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்துவந்து, கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவினார். விடிந்து பார்த்தால் சாம்பலில் வரிசையாகத் தடம். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். பூனையின் தடத்தில் நான்குதான் பதியும். கீரிக்கும் ஐந்துதான், ஆனால் அது தூங்கும் நேரம். கிணற்று மேட்டுக் கல்லில் இன்னொரு சாட்சியும் கிடைத்தது. கருத்த எச்சம், அதற்குள் கழுவி எடுத்தாற்போல் பளபளவென்று முழுசு முழுசாகச் சப்போட்டா விதைகள். மரநாய்!

உங்கள் தோட்டத்திலும் கோழித் திருடனும் பழத் திருடனும் ஒரே ஆளாக இருக்கக்கூடும். மரநாய் பெரும்பாலும் பழம் தின்று பிழைப்பது. திறந்த கூண்டில் கோழி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாது. மரத்தடியில் போய்ப் பாருங்கள். வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பியிருக்கும். கிளி பாதி கொத்தியதைக் கீழே தள்ளும். அணில் தொங்கும் பழத்திலேயே குழி பறித்திருக்கும். மரநாய் விதையோடு விழுங்கிவிட்டு வேறெங்கோ கொண்டுபோய் வைக்கும். கூண்டில் ஒரே இரவில் நாலைந்து கோழிகள் குதறிக் கிடந்தால் ஊர் நாயைச் சந்தேகியுங்கள். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு.

கூண்டு விஷயத்தில் இரக்கமே வேண்டாம். கடைகளில் கோழி வலை என்று விற்கும் மெல்லிய கம்பி வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். மண்ணுக்குள் ஓர் அடி இறக்குங்கள். பாறையாக இருந்தால் வெளிப்பக்கமாக இரண்டடி படுக்கவைத்து மண் மூடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரின் அடியில்தான் தொடங்கும், கம்பி தட்டினால் சலித்துப் போய்விடும். மரநாய் மரமேறி என்பதால் மேலேயும் அடைக்க வேண்டும். நகர்த்தக்கூடிய ஓடு ஒன்று இருந்தால் போதும் அதற்கு. கதவுக்குக் கயிறு கட்டாதீர்கள், கொண்டி போடுங்கள். பகலில் குஞ்சுகள் கொடாப்புக்குள், அதாவது கவிழ்த்து மூடும் கூடைக்குள், இருக்கட்டும்.

பழத்தில் இவ்வளவு கறார் தேவையில்லை. விற்கவோ விருந்தினருக்கோ என்று குறித்துவைத்த காய்களுக்கு மட்டும் துணிப்பை கட்டுங்கள். மரம் முழுவதும் நைலான் வலை போர்த்த வேண்டாம். போன ஆண்டு என் கொய்யா மரத்து வலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கியது. இழை செதிலுக்கு அடியில் இறங்கியிருந்தது. மனைவி சாக்கால் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, அவருடைய தையல் கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். அரைமணி நேரம் ஆனது. விடுபட்டதும் வாலால் என் முழங்காலில் ஓர் அடி வைத்துவிட்டுப் போனது. வலையை அன்றே கழற்றினேன். இப்போது வேலியோரம் சர்க்கரைப்பழ மரம் இரண்டு நிற்கின்றன. சீக்கிரம் காய்க்கும், ஆண்டு முழுவதும் காய்க்கும். வௌவால்களில் பாதி அங்கேயே இறங்கிவிடுகின்றன. மீதிப் பாதி கொய்யாவுக்குத்தான் வருகின்றன, பொய் சொல்வானேன்.

இனி குருணை. மரத்தடியில் உதிர்ந்த பழத்தை விடிந்ததும் முதலில் கொத்துவது யார்? உங்கள் கோழிகள். செத்த மரநாயைக் கடித்து இழுப்பது உங்கள் நாய். அடுத்தது மயில். (மயிலைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் குறை சொல்லாதது ஆச்சரியம். நம் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி மயிலைத் திட்டித்தான்.) 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. பழந்தின்னி வௌவாலை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர் என்று வைத்திருந்த பட்டியலையும் 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். மாமாவிடம் சட்டம் பேசினால் கோபித்துக்கொள்வார். கோழி செத்துவிடும் மாமா என்று சொல்லுங்கள், புரியும்.

சாம்பலை இன்றிரவே தூவுங்கள். மேகம் கட்டியிருந்தால் நாளைக்குத் தள்ளிப்போடலாம். தடம் கிடைத்தால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள், அளவு தெரியும்.