குதிரை லத்தியை ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நான்கு குதிரைகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் குடற்புழு மருந்து கொடுப்பது வழக்கம். இப்போது எங்கள் குதிரை டாக்டர், லத்தியைப் பரிசோதித்துவிட்டுத்தான் மருந்து என்கிறார். அந்த முடிவுகளையும் குதிரைகளின் முகத்தை எடுத்த வீடியோவையும் ஓர் ஆய்வுக்குத் தரச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: தாராளமாக. கீழே கிடக்கும் லத்தியை எடுப்பதில் குதிரைக்கு என்ன சிரமம்?

இரண்டு மாதக் கணக்கு பழைய காலத்தது. அன்று பெரிய ஸ்ட்ராங்கைல் புழுதான் முதல் எதிரி. இன்று சிறிய ஸ்ட்ராங்கைல்கள்தான் தலைவலி. பென்சிமிடசோல் வகை மருந்துகள் பல இடங்களில் அவற்றிடம் எடுபடுவதில்லை. வளர்ந்த குதிரைகளில் சுமார் 20 சதவீதமே 80 சதவீதப் புழு முட்டைகளை லத்தியில் வெளியேற்றுகின்றன. மற்றவற்றுக்கும் சேர்த்து மருந்தை ஊற்றினால் மருந்துக்கு அசையாத புழுக்கள்தான் பெருகும். உங்களைப் போன்றவர்களின் லாயத்திலிருந்து டாக்டர்கள் கொண்டுபோன லத்தி இல்லாமல் இதெல்லாம் தெரியவந்திருக்காது.

போட்ட சூட்டோடு இரண்டு மூன்று உருண்டைகளிலிருந்து கொஞ்சம் எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டு, இறுக்கிக் கட்டுங்கள். காற்றும் வெப்பமும் பட்டால் முட்டை பொரிந்து கணக்கு தப்பிவிடும். ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் வேண்டாம். மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துக்குப் பிறகும் முட்டை கணிசமாக இருந்தால் மருந்து தோற்கிறது என்று சந்தேகிக்கலாம். அல்லது கொடுத்த மருந்தின் அளவு குறைந்திருக்கலாம். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் எடை காட்டும் நாடா வைத்து அளந்து கொடுங்கள்.

முட்டை இல்லை என்றால் புழுவே இல்லை என்று அர்த்தமில்லை. குடல் சுவரில் உறங்கும் இளம்புழுக்கள் முட்டையிடாது. அதனால் மருந்தை நீங்களாக முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். குட்டிகளுக்குக் கணக்கே வேறு, டாக்டரைக் கேளுங்கள்.

வீடியோவும் உபயோகமானதுதான். ஆண்மை நீக்க அறுவை செய்த குதிரைகளை வைத்து, முகத்தில் வலியைப் படிக்கும் அளவுகோல் 2014-இல் வெளியானது. விறைத்துப் பின்னால் போகும் காது, இறுகிய இமை, புடைத்த தாடைத் தசை, இழுபட்ட மூக்குத்துளை எல்லாம் அதில் உண்டு. ஆள் நின்றால் குதிரை வலியை மறைக்கப் பார்க்கும். அதனால் கேமராவை வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

ஆய்வுக்காக வலி மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, பாதியில் விலகலாமா, முடிவு உங்கள் கைக்கு வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.