த்ராட்டில் பாடிக்கு 31,400 ரூபாய். கிழிந்திருந்ததோ ரப்பர் குழாய்

கேள்வி: சிக்னலில் நின்றால் என் காரின் ஐடிலிங் (நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி, வண்டி அணைந்துவிடும். மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்றி 31,400 ரூபாய் வாங்கினார்கள். வெளியில் வாங்கிய ஏர் ஃபில்டர் போட்டிருப்பதால் வாரண்டி கிடையாதாம். கோளாறு தீரவில்லை. உள்ளூர் மெக்கானிக் ஸ்கேன் செய்து, காற்றளவு சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் கிழிந்திருப்பதைக் காட்டினார். அதை மட்டும் மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: கேட்கலாம். ஆனால் அந்தக் கிழிந்த குழாய் இப்போது எங்கே? மெக்கானிக் கடைக் குப்பையில் கிடந்தால் இன்றே போய் எடுத்து வாருங்கள். வண்டி சரியாகிவிட்டதால் இனி எந்த நிபுணர் பார்த்தாலும் கோளாறு தெரியப் போவதில்லை. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. குழாய், மெக்கானிக்கின் பில், அவருடைய பிரமாணப் பத்திரம் இவைதான் உங்கள் வழக்கு.

அவருடைய ஸ்கேன் அறிக்கையில் பி0171 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று இன்ஜினுக்குள் போகிறது என்று பொருள். சென்சார் அளக்காத காற்று கிழிசல் வழியாக நுழைந்தால் அப்படி வரும். சர்வீஸ் சென்டரின் முதல் ஸ்கேனிலும் அதுவே இருந்திருந்தால், குழாயைக் கையால் வளைத்துப் பார்க்கக்கூட மெனக்கெடாமல் விலை கூடிய பாகத்தில் கைவைத்தார்கள் என்று வாதாடலாம். ஆகவே ஜாப் கார்டு (செய்யவேண்டிய வேலைகளை சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்), எஸ்டிமேட், ஸ்கேன் பதிவு, கழற்றிய பழைய பாகம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டது கேட்டதாகவே ஆகாது. தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடுதான்.

த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது என்பார்கள். இருந்திருக்கலாம். கரிக்கு, பெரும்பாலும் சுத்தம் செய்து ஐடிலிங்கை மறுபடி செட் செய்தாலே போதும்.

வாரண்டி விஷயத்தில் உங்கள் பக்கம் ஒரு பலவீனம் உண்டு. ஃபில்டரால்தான் கோளாறு என்று அவர்கள் காட்டியாக வேண்டும் என்பது நம் வாதம். ஃபில்டரை மாட்டியவரே குழாயை இழுத்துக் கிழித்திருந்தால்? அதனால் நானாக இருந்தால் வாரண்டியை முதலில் வைக்க மாட்டேன். தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வாங்கினார்கள் என்பதை முன்னால் வைப்பேன். ஃபில்டர் எந்தக் கடையில் வாங்கியதானாலும் அந்த வாதம் நிற்கும்.

15 நாள் அவகாசம் கொடுத்து விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். பதில் வராவிட்டால் மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை (வக்கீலான நானே சொல்கிறேன்). பில் தொகை, மெக்கானிக்குக் கொடுத்தது, வழக்குச் செலவு, அளவான இழப்பீடு கேளுங்கள். மன உளைச்சலுக்கு 5 லட்சம் போடச் சொல்பவர்கள் வருவார்கள். 31,400 ரூபாய் வழக்கில் அப்படிக் கேட்டால் புகாரின் நம்பகத்தன்மைதான் கெடும்.