நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது, ஈரோட்டில் வசிக்கிறேன். திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. கணவர் என் சொந்த அத்தை மகன். மூன்று வருடமாகத் தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் சர்க்கரையும் இருப்பது தெரிந்து மெட்ஃபார்மின் எடுக்கிறேன். சர்க்கரையின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 7.6. உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. என் சித்தப்பா ஒருவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கணவருக்கு உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. சிகரெட் பிடிப்பார், வார இறுதியில் குடிப்பார். இதுவரை ஆணுறை மூலம் தள்ளிப்போட்டோம், இனி குழந்தைக்கு முயலலாம் என்று இருக்கிறோம். "நாள் தள்ளிப்போனதும் டாக்டரிடம் போனால் போதும், இப்பவே எதுக்கு மாத்திரையும் டெஸ்ட்டும்" என்கிறார் அத்தை. முதலிலேயே மருத்துவரைப் பார்ப்பது அவசியமா? போனால் என்ன கேட்க வேண்டும்?

பதில்: அவசியம். அதுவும் உங்கள் விஷயத்தில், ஆணுறையை விடுவதற்கு மூன்று மாதம் முன்பே போய்விட வேண்டும்.

உங்கள் அத்தையைக் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்தில் அப்படித்தான் நடந்தது. இன்றைக்கும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்வது, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குவது, முதல் ஸ்கேன் என எல்லாமே கரு தங்கிய பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் குழந்தையின் உடல் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஒரு காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஒன்றாம் தேதி மாதவிலக்கு வந்தது என்று வையுங்கள். 28 நாள் சுழற்சி என்றால் 14-ஆம் தேதி வாக்கில் முட்டை வெளியாகும், கரு உருவாவதும் அதையொட்டித்தான். அடுத்த மாதவிலக்கு 29-ஆம் தேதி வர வேண்டும், வரவில்லை. நாலைந்து நாள் பொறுத்துப் பார்ப்பீர்கள், பிறகு கடையில் கிட் வாங்கிச் சோதிப்பீர்கள். அதற்குள் அடுத்த மாதம் 6-ஆம் தேதி ஆகியிருக்கும். கருவின் இதயம் துடிக்கத் தொடங்குவது ஏறக்குறைய அந்த நாளில். மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் முழுதாக மூடிக்கொள்வது 12-ஆம் தேதி வாக்கில். "45 நாள் முடியட்டும், அப்புறம் போகலாம்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் மருத்துவர் முன் போய் உட்காரும்போது, சர்க்கரையும் ஃபோலிக் அமிலமும் எந்தக் கட்டத்தில் அதிகம் முக்கியமோ அந்தக் கட்டம் முடிந்துபோயிருக்கும்.

அதனால் சர்க்கரையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பட்டியலில் அவசரமானது அதுதான். முதல் எட்டு வாரங்களில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் குழந்தையின் இதயத்திலும் தண்டுவடத்திலும் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுகிறது, கருச்சிதைவும் கூடுகிறது. மூன்று மாத சராசரி 6.5-க்குக் கீழே இருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. 10-க்கு மேல் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லிவிடுவோம். உங்கள் 7.6 பயப்பட வேண்டிய எண் அல்ல, ஆனால் அந்த நிலையில் ஆணுறையை விடக் கூடாது. மெட்ஃபார்மின் போதாது என்றால் மருத்துவர் இன்சுலின் சேர்ப்பார். "இன்சுலினா, அவ்வளவு முற்றிவிட்டதா" என்று வீட்டில் பதறுவார்கள். கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்து என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம், நோய் முற்றியதற்கு அடையாளம் அல்ல. கையோடு கண்ணின் விழித்திரையைச் சோதிக்கச் சொல்லுங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் கர்ப்பத்தில் அது வேகமாகக் கூடலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், மூன்று மாத சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை உண்டு. எனவே அந்த 7.6-ஐ ஹீமோகுளோபினோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், வீட்டில் குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளோடும் ஒப்பிட வேண்டும். ஒரு வாரத்து அளவுகளை நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். நிறைய ரிப்போர்ட்டுகளைவிட அந்த ஒரு பக்கம் எங்களுக்கு உதவும்.

எடை பற்றிச் சுருக்கமாக: உங்கள் உடல் நிறை குறியீட்டெண் 28-க்குச் சற்று மேல் வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் என்று கொள்கிறோம். ஐம்பத்தைந்து கிலோவுக்கு இறங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நான்கு கிலோ குறைந்தாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலையோ சுண்டலையோ முட்டையையோ வையுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். பட்டினி கிடந்து குறைக்காதீர்கள். பப்பாளி, எள், அன்னாசி பற்றி இப்போதே வீட்டில் பட்டிமன்றம் தொடங்கியிருக்கும். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

தைராய்டுக்கு வருவோம். கருவின் தைராய்டுச் சுரப்பி வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஹார்மோன் முழுக்க உங்களிடமிருந்துதான் போகிறது. உங்களைப் போல ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டின் வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை அளவு) 2.5-க்குக் கீழே வந்த பிறகு முயல்வது நல்லது. லேப் ரிப்போர்ட்டில் 4 வரை 'நார்மல்' என்று போட்டிருக்கும். அது பொதுவான அளவு, உங்களுக்கு அதைவிடக் குறைவாக வேண்டும்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். காலையில் எழுந்து பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டு, கையோடு ஃபில்டர் காபி. டிஃபனுக்குப் பிறகு இரும்புச்சத்து, கால்சியம். புறநோயாளிகள் பிரிவில் பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். டோஸ் சரியாக இருந்தும் டிஎஸ்ஹெச் இறங்காததற்குக் காரணம் பல நேரங்களில் இதுதான். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை; அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபிகூட வேண்டாம். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவு ஒன்று என்று தள்ளி வைத்தால் பிரச்சினை இல்லை.

ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம். பொதுவாகப் பெண்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் போதும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்புக்குழாய்க் குறைபாட்டின் வாய்ப்பு கூடுதல் என்பதால் 5 மில்லிகிராம் எழுதுவது வழக்கம். உங்கள் மருத்துவரிடம் கேட்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள். விலை மலிவான சின்ன மாத்திரை. முன்பு நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே 4 மில்லிகிராம் கொடுத்தபோது, அது மறுபடி வருவது சுமார் 70 சதவீதம் குறைந்ததை 1991-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. ஆணுறையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும், பன்னிரண்டாம் வாரம் வரை தொடர வேண்டும்.

இனி உங்கள் சித்தப்பா. கேள்வியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் நான் அதிக நேரம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். அவர் உங்கள் அப்பாவின் தம்பி. உங்கள் அத்தைக்கும் அவர் உடன்பிறந்தவர். அதாவது உங்களுக்குச் சித்தப்பா, உங்கள் கணவருக்குத் தாய்மாமன். இருவரும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். பொதுவாக எந்தத் தம்பதிக்கும் குழந்தை பிறவிக் குறைபாட்டோடு பிறக்க 2 முதல் 3 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அத்தை, மாமன் மக்கள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்போதும் நூற்றில் தொண்ணூற்று நாலைந்து குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. எனவே "சொந்தத்தில் கட்டிக்கொண்டோமே" என்று கலங்க வேண்டாம்.

ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே குறை இருக்கும்போது பொதுக்கணக்கு போதாது. பிறவிச் செவிட்டுத்தன்மைக்குக் காரணம் பல: கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா என்ற அம்மையாக இருக்கலாம், பிறந்தபோது வந்த கடும் மஞ்சள் காமாலையாக இருக்கலாம், மரபணுவாகவும் இருக்கலாம். சித்தப்பாவுக்கு இருப்பது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் மரபணுக் குறை என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். காது கேட்கும் உடன்பிறந்தவர்களான உங்கள் அப்பாவும் அத்தையும் அந்த மரபணுவை மறைவாகச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அது உங்களுக்கு இறங்கியிருக்க மூன்றில் ஒன்று, உங்கள் கணவருக்கும் மூன்றில் ஒன்று. இருவரும் சுமப்பவர்களாக இருக்க ஒன்பதில் ஒன்று. அப்படியே இருந்தாலும் குழந்தைக்கு வர நான்கில் ஒன்று. மொத்தத்தில் முப்பத்தாறில் ஒன்று. பெரிய எண் அல்ல, விட்டுவிடக்கூடிய எண்ணும் அல்ல.

முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, சித்தப்பாவின் ரத்தத்தை. அவரிடம் எந்த மரபணுவில் குறை என்று தெரிந்தால் உங்கள் இருவரிடமும் அதை மட்டும் தேடினால் போதும். அவரைச் சோதிக்காமல் நீங்கள் இருவரும் பல மரபணுக்களை ஒன்றாகத் தேடும் எந்தப் பெரிய 'பேனல்' டெஸ்ட் எடுத்தாலும் பதில் அரைகுறையாகவே வரும். சென்னை, வேலூர், கோவை போன்ற ஊர்களில் மரபியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஒரு முறை போய் வாருங்கள். போகும் முன் சித்தப்பாவின் சம்மதத்தை அவரிடமே நேராகக் கேளுங்கள்; பெரியவர்கள் கூடி அவருக்காக முடிவெடுக்க வேண்டாம். சோதனை எதுவும் செய்யாவிட்டாலும், பிறந்ததும் குழந்தைக்குக் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். குறை சீக்கிரம் தெரிந்தால் செய்யக்கூடியது நிறைய உண்டு. காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் உள்வைப்பு அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கிறது.

ஹீமோகுளோபினுக்காக உங்களிடம் எடுக்கும் ரத்த மாதிரியிலேயே சிவப்பணுக்களின் சராசரி அளவையும் (எம்சிவி) பாருங்கள். எம்சிவி 80-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையைச் சுமப்பவராகவும் இருக்கலாம். ஹீமோகுளோபின் வகைகளை அளக்கும் ஹெச்பிஎல்சி சோதனை பிரித்துச் சொல்லிவிடும். உறவில் மணந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ரத்த வகையும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் பின்னால், உங்கள் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படும்.

தடுப்பூசி: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா முகாம் நடந்தது நினைவிருக்கலாம். 15 வயது வரைக்கும்தான் போட்டார்கள், உங்கள் வயதுக்காரர்கள் அதில் வரவில்லை. ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரூபெல்லாவையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்தில் இந்த ஊசி போட முடியாது.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும், பூசும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பரு மருந்து, ரத்த அழுத்தம் அல்லது கொழுப்பு மாத்திரை, நாட்டு மருந்துக் கடைச் சூரணம், பஸ்பம், முகம் வெளுக்கும் கிரீம் எல்லாம் அதில் இருக்கட்டும். பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கிறது, சில பஸ்பங்களில் ஈயம். இதைப் படிக்கும் மற்றவர்களில் வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவர் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். தானாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

உங்கள் கணவருக்கு "கோளாறு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்றைக்கு அவர் சிகரெட்டை விட்டால் அதன் பலன் நீங்கள் முயலத் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக வரும். வீட்டுக்குள் அவர் விடும் புகை உங்களுக்கும் சேர்த்துத்தான். குடியையும் இந்த மூன்று மாதம் நிறுத்தச் சொல்லுங்கள். ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லட்டும், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். முதல் சந்திப்புக்கு அவரும் வர வேண்டும். மரபணு விஷயம் இருப்பதால் அவர் இல்லாமல் பேச்சு முழுமையாகாது. முடிந்தால் அத்தையையும் அழைத்து வாருங்கள். குடும்ப வரலாறு அவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

எண்கள் சரியானதும் ஆணுறையை விட்டுவிடலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்ந்திருந்தால் போதும், தேதி பார்த்துப் பதற வேண்டியதில்லை. உங்கள் வயதில் ஒரு வருடம் வரை பொறுத்துப் பார்க்கலாம். சுழற்சி தாறுமாறானால் அதற்கு முன்பே வாருங்கள். நாள் தள்ளிப்போய் கிட்டில் இரண்டு கோடு தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அன்றிலிருந்தே தைராய்டு மாத்திரையை வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பதாக எடுக்கச் சொல்வார்; டிஎஸ்ஹெச்சை உடனே பார்த்து, பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பார்.