கதிர் எப்படிக் கழற்றப்படுகிறது?

கேள்வி: உயர்தர உயிரியல் குறிப்பில் ஈற்றவத்தையில் "கதிர் மறையும்" என்று ஒரே வரிதான் உள்ளது. தானாகவே கரைந்துவிடுமா?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: இல்லை. கதிர் என்பது கலப்பிரிவின்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் பிரிக்கும் நுண்புன்குழாய்களின் கட்டமைப்பு. பிரிவின் கடைசிக் கட்டமான ஈற்றவத்தையில் கலம் அதை முறையாகக் கழற்றுகிறது. இது மிகத் தெளிவாக ஆராயப்பட்டது அரும்பும் மதுவத்தில், அதாவது நம் வீடுகளில் பாண் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டில். அதன் கருமென்சவ்வு பிரிவின்போது உடைவதில்லை. கதிர் கருவுக்குள்ளேயே நீண்டு, அதற்குள்ளேயே கழற்றப்படுகிறது.

இரு முனைகளிலிருந்தும் வரும் நுண்புன்குழாய்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றைப் பிணைப்பது ஏஸ்1 என்ற புரதம். ஏபிசி-சிடிஎச்1 என்னும் கூட்டமைப்பு அதற்கு யுபிக்குவிட்டின் என்ற சிறு புரதத்தால் குறியிட்டு அழிவுக்கு அனுப்ப, இரு பாதிகளும் விலகுகின்றன. அரோரா பி நொதியம் கதிர் மேலும் நீள்வதை நிறுத்துகிறது. கைனசின்-8 வகை இயக்கப் புரதமான கிப்3, குழாய்களின் கூட்டல் முனையிலிருந்து (வேகமாக வளரும் முனை) அவற்றின் கட்டுமான அலகான டியூபுலினைக் கழற்றுகிறது.

2010இல் வெளியான ஓர் ஆய்வு இம்மூன்றும் தனித்தனி வேலைகள் என்று காட்டியது. ஒன்று கெட்டால் கழற்றல் தாமதமாகும், ஆனால் முடிந்துவிடும். இரண்டு சேர்ந்து கெட்டால்தான் ஆபத்து: பழைய கதிரின் துண்டுகள் எஞ்சிநின்று, அடுத்த சுற்றுக்குப் புதிய கதிர் அமைவதைக் குழப்பும். டியூபுலின் அழிக்கப்படுவதில்லை, புதிய கதிருக்கு மீண்டும் பயன்படுகிறது; பழைய துண்டுகளில் அது சிக்கிக்கிடக்கும் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

பரீட்சையில் "மறையும்" என்பதற்குப் பதிலாக "நுண்புன்குழாய்கள் டியூபுலின் அலகுகளாகப் பிரியும்" என்று எழுதுங்கள்.