பேறுகாலப் பராமரிப்பில் குடும்பங்களின் குரல்: கேள்வி பதில்

மகப்பேறுப் பிரிவில் செவிலியராகவும், பின்னர் குடும்பங்களின் கருத்துகளைத் திரட்டும் பொறுப்பிலும் பணியாற்றியவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வீடு திரும்பும் நாளில் தாய்மார்களிடம் படிவம் தருகிறோம். அனைவரும் "நன்றாக இருந்தது" என்றே எழுதுகிறார்கள். குறையே இல்லை என்று கொள்ளலாமா? (ஒரு செவிலியர்)

கொள்ளக் கூடாது. படிவத்தை நீட்டுபவர் நேற்றுவரை ஊசி போட்டவர். நாளை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இதே வாசலுக்குத்தான் வர வேண்டும் என்று அறிந்த தாய், மனத்தில் உள்ளதை எழுதத் தயங்கவே செய்வார். ஆகவே சிகிச்சையில் பங்கேற்காத ஒருவர், ஆறாவது வாரத்தையொட்டி, தனிமையில் பேசுவது நல்லது. தாயையும் சேயையும் அந்த வாரத்தில் பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் ஆதலால், சந்திப்பு எளிதாக அமையும்.

கேள்வியும் மாற வேண்டும். "திருப்தியா?" என்றால் "ஆம்" என்றே பதில் வரும். "வலி வந்தபோது அருகில் யார் இருந்தார்கள்? குழந்தையை முதன்முதலில் எப்போது கையில் வாங்கினீர்கள்? உள்பரிசோதனைக்கு முன் உங்கள் சம்மதத்தைக் கேட்டார்களா?" என்று நடந்ததைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் மௌனத்தையும் நான் ஒரு பதிலாகவே குறித்துக்கொள்வேன்.

மருத்துவம் அறியாதவர்களின் கருத்தைத் தரத்திற்கு அளவுகோலாக எப்படி ஏற்பது? (ஒரு மருத்துவர்)

தாய் சேய் பராமரிப்புக்கென உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட எட்டுத் தரநிலைகளில் மூன்று, தகவல் பரிமாற்றம், மரியாதை, மன ஆதரவு ஆகியவற்றைப் பற்றியவை. இவை கிடைத்தனவா என்பதைப் பராமரிப்பைப் பெற்றவர்தாம் சொல்ல முடியும்.

பாதுகாப்பிலும் அவர்களுடைய சொல்லுக்கு இடம் உண்டு. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகளின் மகப்பேறுச் சேவை குறித்த ஆய்வு, குழந்தைகளை இழந்த பெற்றோர் விடாது வற்புறுத்தியதால் 23 குடும்பங்களின் நிகழ்வுகளோடு தொடங்கியது. டோனா ஓக்கெண்டன் தலைமையில் 2022 மார்ச்சில் இறுதி அறிக்கை வந்தபோது, அது ஏறத்தாழ 1,500 குடும்பங்களைத் தொட்டிருந்தது. அக்குடும்பங்களின் கவலைக்குத் தொடக்கத்திலேயே செவி சாய்த்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

குறைமாதத்தில் பிறந்த எங்கள் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் இருந்தது. பார்வை நேரத்தில் மட்டுமே எங்களை அனுமதித்தார்கள். இதைக் குறையாகச் சொல்லலாமா? (ஒரு தந்தை)

தாராளமாகச் சொல்லலாம். குறைமாதக் குழந்தைகளையும் எடை குறைந்த குழந்தைகளையும் தோலோடு தோல் சேர்த்து மார்பில் அணைக்கும் கங்காரு பராமரிப்பைப் பிறந்தவுடன் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பெற்றோரைப் பார்வையாளராக நடத்தும் பிரிவில் இது இயலாது. எந்த நாளில் எத்தனை மணி நேரம் வெளியில் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "மனம் வருந்தியது" என்று மட்டும் எழுதினால் வருத்தம் தெரிவித்து முடித்துவிடுவார்கள்.

குழந்தையை இழந்தவர்களிடமும் கருத்துக் கேட்பது முறையா?

கேட்காமல் விடுவதுதான் முறையன்று. ஆனால் படிவம் அனுப்பாதீர்கள். அவர்களுக்கு அறிமுகமான ஒருவர் முதலில் அனுமதி பெற்று, அவர்கள் தேர்ந்த இடத்தில், அவர்கள் தேர்ந்த காலத்தில் பேச வேண்டும். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசலாமா என்றும் கேளுங்கள். அதற்கு முன் மிக அவசரமாகச் செய்ய வேண்டியது, தடுப்பூசி நினைவூட்டும் தானியங்கிக் குறுஞ்செய்திப் பட்டியலிலிருந்து அவர்களுடைய எண்ணை நீக்குவது.

எத்தனை பேரின் கருத்து போதும்?

உயிர்ப் பாதுகாப்பைத் தொடும் செய்தி என்றால் ஒருவர் போதும். மற்றவற்றில், எத்தனை பேர் பேசினார்கள் என்பதோடு, பதின்வயதுத் தாய்மார், வேற்றுமொழி பேசுவோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரில் யார் விடுபட்டார்கள் என்றும் பாருங்கள்.

திரட்டிய பின் என்ன செய்வது?

மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு தேதியையும் குறியுங்கள். என்ன செய்தீர்கள் என்பதை, கருத்துச் சொன்னவருக்கே தெரிவியுங்கள். நான் பணியாற்றிய ஓரிடத்தில், பேறு அறையில் கட்டில்களுக்கு நடுவே திரை இல்லை என்று ஒரு தாய் சொல்லியிருந்தார். திரை போட்டதும் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, வலியில் கத்தியபோது தம்மை ஒருவர் தொடையில் அறைந்ததை, அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.